மறுமொழி: கலைடாஸ்கோப் கில்ட்டில் வரும் ‘ஒய் சீம்’, தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையான கில்ட்டுக்கு நாம் போடும் சொற்பட்டியலில் இப்போது ‘ஒய் சீம்’. சீம் என்பது இரண்டு துணியைச் சேர்க்கும் கோடு. அப்படி மூன்று கோடுகள் ஆங்கில Y எழுத்துப் போலக் கூடினால் ஒய் சீம். அதற்கு வந்த யோசனை:

> ஒய் சீம் = முச்சந்தித் தையல். யாருக்கும் உடனே புரியும். இதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

கேட்டதும் பிடித்துப்போகிற சொல்தான். ஆனால் ஒட்டுவேலை செய்கிறவருக்கு அது தப்பான இடத்தைக் காட்டும். மூன்று கோடுகள் ஓரிடத்தில் கூடுவதில் தனியாக ஒரு சிரமமும் இல்லை. நேராக ஓடும் ஒரு கோட்டில் இன்னொன்று வந்து முட்டி நின்றால் அதுவும் முச்சந்திதான். அதை மெஷினில் ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். வம்பெல்லாம் மூன்றில் எதுவுமே நேராகத் தொடராதபோதுதான். மூன்று அறுகோணங்களை மூலையோடு மூலை சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தைத்துக்கொண்டு வந்தாலும் அந்த முனையில் திரும்பியே ஆகவேண்டும்.

அதனால்தான் முதல் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது துணியின் விளிம்புவரை அடிக்கக் கூடாது. கால் அங்குலம் முன்னால் புள்ளி குறித்து, அங்கே நிறுத்தி, கெட்டி போட்டு, நூலை வெட்டி, மூன்றாவது துண்டை வளைத்துக் கொண்டுவந்து அதே புள்ளியில் ஊசியை இறக்க வேண்டும். ஒரு தையல் தாண்டினால் சுருக்கம் விழும், ஒரு தையல் குறைந்தால் ஓட்டை தெரியும். போதாக்குறைக்கு அந்த விளிம்புகளில் பெரும்பாலானவை சாய்விழையாக, தையற்காரர் ‘கிராஸ்’ என்பாரே அப்படி, இருக்கும். கொஞ்சம் இழுத்தாலும் நீண்டுவிடும்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் வந்துவிட்டது. மேலே ‘ஒரு தையல் தாண்டினால்’ என்று எழுதினேன். ஊசி ஒருமுறை இறங்கி ஏறுவது தையல். இரண்டு துணியைச் சேர்த்த கோடும் தையல். தொழிலும் தையல். ‘தையலில் ஒரு தையல் விட்டுப்போயிற்று’ என்று வழிகாட்டிக் குறிப்பில் எழுதினால் படிக்கிறவர் பாவம்.

> சீம் என்பதற்குத் ‘துன்னல்’ என்ற பழஞ்சொல்லையே எடுக்கலாம் அல்லவா?

எனக்கும் ஆசைதான். ஆனால் பொருநராற்றுப்படையின் ‘துன்னற் சிதாஅர்’ வேற்று இழை நுழைத்து ஒட்டிய கந்தல். அங்கே துன்னல் என்பது கிழிந்ததைத் தைத்து ஒப்பேற்றுகிற வேலை, கோடு அல்ல. துண்டு துண்டாகச் சேர்க்கும் வேலை முழுவதற்கும் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு நம்மிடம் இன்றும் புழக்கத்தில் இருக்கும் சொல்லே போதும். புதுக் கைலி வாங்கினால் என்ன செய்கிறோம்? மூட்டுகிறோம். ‘லுங்கி மூட்டக் கொடுத்திருக்கேன்’ என்கிறோம். இரண்டு விளிம்பைச் சேர்த்து அடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பொத்தான் வைப்பதையோ பூத்தையல் போடுவதையோ யாரும் மூட்டுவது என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே சேர்த்த கோடு மூட்டு, அதற்கு உள்ளே விடும் கால் அங்குலம் மூட்டோரம். தையல் என்பது ஊசி போடும் ஒற்றைத் தையலுக்கே இருக்கட்டும்.

சரி, ஒய் சீமுக்கு வருவோம். சிக்கல் திரும்புவதில் இருப்பதால் முதலில் ‘முடக்கு மூட்டு’ என்று தோன்றியது. தெரு முடக்கு என்று எங்கள் பக்கம் சொல்வோம். எழுதிப் பார்த்தால் சித்த வைத்தியசாலைப் பலகை மாதிரி இருக்கிறது, எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் போல. விட்டுவிட்டேன். ‘கவட்டை மூட்டு’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வடிவம் சரி. ஆனால் கால்சட்டை தைக்கிறவர் அதை வேறு இடமாகத்தான் எடுத்துக்கொள்வார். அதன் மூலமான ‘கவை’ போதும் என்பது என் எண்ணம். ஒன்று இரண்டாகப் பிரிகிறது, நேராகப் போவது எதுவும் இல்லை என்பது கவைக்கோலைப் பார்த்த யாருக்கும் தெரியும். எனவே: கவை மூட்டு. அதற்கு எதிர், நேர்மூட்டு.

இந்தப் பிரிவினை வெறும் அழகுக்கு இல்லை. கலைடாஸ்கோப் கில்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்றில் 45 பாகை முனையுள்ள எட்டு ஆப்புத் துண்டுகள் நடுவில் கூடும். நான்கு மூலைகளில் சிறு முக்கோணம் சேர்த்தால் சதுரம். இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு நான்கு நான்காக, கடைசியில் குறுக்கே ஒரே கோடு. இதில் கவை மூட்டே கிடையாது! நடுவில் எட்டு முனைகளின் மூட்டோரமும் குவிந்து மேடு தட்டும், அது தனித் தலைவலி. அதற்குச் சொல் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது வகை, அமெரிக்காவில் மேக்சின் ரோசென்தால் ‘ஒன் பிளாக் வொண்டர்’ என்று பரப்பியது. பெரிய பூவோ இலையோ அச்சிட்ட ஒரே துணியில், அச்சு திரும்ப வரும் அளவுக்கு ஆறு துண்டுகள் எடுத்து, ஒரே புள்ளியில் குண்டூசி குத்தி ஆறையும் அச்சுக்கு அச்சு பொருத்தி அடுக்குவார்கள். அடுக்கைப் பட்டையாக வெட்டி, பட்டையை 60 பாகை முக்கோணங்களாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் அச்சு மாறாத ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றைச் சுற்றிவரச் சேர்த்தால், டேவிட் புரூஸ்டர் 1817-ல் காப்புரிமை வாங்கிய கலைடாஸ்கோப் குழாய்க்குள் தெரிகிற மாதிரி ஓர் அறுகோணம். மூலத்துணியில் எந்த இடம் அது என்று தைத்தவருக்கே தெரியாது.

அறுகோணம் முழுதாக முடிந்துவிட்டால் பக்கத்து அறுகோணத்தோடு சேர்க்க ஒவ்வொரு மூலையிலும் கவை மூட்டு வந்து நிற்கும். அதைத் தவிர்க்கும் உபாயம், அறுகோணத்தை முடிக்காமல் விடுவது. மூன்று முக்கோணங்களை மூட்டி ஒரு பாதி, மற்ற மூன்றில் இன்னொரு பாதி. இரண்டையும் குண்டூசியால் மட்டும் பிடித்து வைத்துச் சுவரில் அடுக்கிப் பார்ப்பார்கள், இடம் மாற்றுவார்கள், திருப்புவார்கள். முடிவானதும் பாதிகளை நெடுக வரிசையாக மூட்டி, வரிசையோடு வரிசையைச் சேர்த்தால் எல்லாம் நேர்மூட்டு. அறுகோணத்தை நிறைவு செய்கிற மூட்டு, வரிசைகளைச் சேர்க்கும் நீளக் கோட்டிலேயே அடங்கிவிடுகிறது. முனைகள் ஆறும் கூடும் இடத்தில்கூட மூன்று கோடுகள் நேராகக் கடந்து போகின்றன, எதுவும் திரும்பவில்லை. ‘முச்சந்தி’ என்று வைத்திருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்ல வழியே இல்லாமல் போயிருக்கும்.

பாதியின் நீளப் பக்கம் கொஞ்சம் கோணியிருந்தால் நடுமுனைக்கு வெளியே கால் அங்குலம் விட்டு அளவுகோல் வைத்துச் சீவிவிடலாம் என்பது இதில் கூடுதல் வசதி. முழு அறுகோணத்தில் அது முடியாது.

ஆகவே என் பரிந்துரை: மூட்டு, மூட்டோரம், நேர்மூட்டு, கவை மூட்டு, பாதி அறுகோணம். மாதிரிப் படங்களின் மேல் ‘ஒய் சீம் இல்லை’ என்று விளம்பரம் போடுவார்களே, அதற்கு ‘கவையில்லாதது’.

---

> ஆகவே என் பரிந்துரை: மூட்டு, மூட்டோரம்...

நல்லாயிருக்கு அண்ணா. ஆனால் வேற்றுமை உருபு சேர்த்துப் பார்த்தீங்களோ? ‘மூட்டை விரித்து இஸ்திரி போடவும்’ என்று எழுதினால் எங்கட அம்மா அரிசிச் சாக்கைத் தேடப் போவா.

இன்னொன்று. கையால் தைக்கிறவைக்கு இந்தப் பயம் இல்லை. தாளில் வெட்டின அறுகோணத்தின் மேல் துணியை மடித்து ஒட்டவைத்து, விளிம்போடு விளிம்பு சின்னத் தையலாகப் போட்டுக்கொண்டு போனால் முனையில் திரும்புவது பெரிய காரியமே இல்லை. கவை மூட்டு கடினம் என்று விளக்கத்தில் பொதுவாக எழுதாமல், மெஷினில் கடினம் என்று எழுதுங்கோ.

---

தங்கச்சி சொன்ன இரண்டும் சரி. விளக்கத்தில் ‘மெஷின் தையலில்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

மூட்டைப் பிரச்சினைக்கு: வழிகாட்டிகளில் எப்படியும் பன்மையில்தான் வரும், ‘மூட்டுகளை விரித்து’ என்று போடலாம். ஒருமை தவிர்க்க முடியாத இடத்தில் ‘மூட்டோரத்தை விரித்து’. இஸ்திரிப் பெட்டி உண்மையில் படுவதும் அங்கேதான்.

மறுப்பு யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அதன்பிறகு பட்டியலில் ஏற்றிவிட்டு, எட்டு முனை கூடும் அந்த மேட்டுக்கு வருவோம். ‘நடுப்புடைப்பு’ என்று ஒருவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.