சூளைப் பிள்ளைகள் சேர்க்கை: இஎம்ஐஎஸ் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் இருளர் பிள்ளைகள் 9 பேருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் வேண்டும். டிசி, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

சட்டத்தில் குழப்பமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5-இன்படி டிசி தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளக் கூடாது. பிரிவு 14-இன்படி வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது. சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்குத்தான் தேவை, சேர்க்கைக்கு அல்ல. 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதும் தவறு. பிரிவு 4 வயதுக்கேற்ற வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் கேட்கிறது.

இடிப்பது கணினியில். பழைய பள்ளி இஎம்ஐஎஸ்ஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பிள்ளையைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விட்டால்தான் புதுப் பள்ளி அந்தப் பிள்ளையின் இஎம்ஐஎஸ் எண்ணை எடுக்க முடியும். விட்டால் மாணவர் எண்ணிக்கை குறையும், ஆசிரியர் பணியிடம் ஆட்டம் காணும் என்று விடுவதில்லை. அவசரத்தில் புது எண் போட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு. பிறகு உதவித்தொகை சிக்கும். புதுப் பள்ளித் தலைமையாசிரியர் பயமும் பொய்யில்லை: சீசன் முடிந்து குடும்பம் கிளம்பினால் 'நீண்டநாள் வராதவர்' பட்டியல் அவர் தலையில்தான்.

பழைய பள்ளி அசையாவிட்டால் காமன் பூலுக்கு விடுவிக்க வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு போதுமா, மாவட்ட அளவில் போகணுமா? மனு மாதிரி இருந்தால் பகிருங்கள்.

இன்னொன்று. "தலையெல்லாம் பேன், எங்க பிள்ளை பக்கத்துல வேணாம்" என்று ஊர்ப் பெற்றோர் சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள். பிரிவு 21-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடமுண்டு. சூளைத் தாய் ஒருவரை அதில் சேர்த்து இதைச் சமாளித்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?