ஆல்பர்ட் ஹாலில் பொனமாசா: எங்கே உட்காரலாம்?
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஜோ பொனமாசா அடுத்த முறை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசிக்கும்போது நானும் தம்பியும் எப்படியாவது போய்விடுவது என்று இருக்கிறோம். 2009இல் அதே மேடையில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வந்து அவரோடு சேர்ந்து வாசித்த பதிவைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை விடவே இல்லை. அங்கே போனவர்கள் சொல்லுங்கள், மேடைக்கு நேர் எதிரே தரைத்தளம் நல்லதா, தரைத்தளத்தைச் சுற்றிப் படிப்படியாக உயரும் ஸ்டால்ஸ் இருக்கைகளில் பக்கவாட்டில் உட்காருவதா? எனக்கு பொனமாசாவின் இடது கை விரல்கள் கம்பியை வளைத்து இழுப்பதும், லெஸ் பால் கிட்டாரின் வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் திருகி ஓசையை ஏற்றுவதும் கண்ணில் பட வேண்டும், தம்பிக்கு ஒலிதான் முக்கியம். கூரையில் அடிக்கும் எதிரொலியைக் குறைக்க 1969இல் காளான் மாதிரித் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள், சரி, மேல்மாடியில் கிட்டார் தெளிவாகக் கேட்கிறதா? அப்புறம், காதடைப்பான் எடுத்துப் போக வேண்டுமா?