புதுப்பிப்பு: பீட்டில் திணறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

என் 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1584 சிசி எஞ்சினில் கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போட்டதையும், கிளம்பிய முதல் பத்து நிமிடம் அது திணறுவதையும் போன மாதம் எழுதியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் வழக்கமாகக் கூலன்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கும்; காற்றால் குளிரும் எஞ்சினில் கூலன்ட் ஏது? அதனால் வெப்ப சென்சாரை எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப்பில் செருகியிருந்தேன். சிலிண்டரின் மூடியான ஹெட் சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் ஆயில் சூடேறும்; அதுவரை எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை வாரி ஊற்றிக்கொண்டே இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

இப்போது சென்சார் சிலிண்டர் ஹெட்டில். எந்தச் சூட்டில் எவ்வளவு கூடுதல் பெட்ரோல் என்று ஈசியுவுக்குச் சொல்லும் வார்ம்-அப் டேபிளையும் புதிதாக எழுதினேன். 1975இல் அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் கம்பெனியே இன்ஜெக்‌ஷன் போட்டது. அதிலும் சென்சார் ஹெட்டில்தான். முதலிலேயே பார்த்திருக்கலாம், சரி.

மிச்சம் பெட்ரோல் பம்ப் சத்தம்தான். வண்டிக்குள் நிஜ வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். அதிர்வை அடக்க ரப்பர் புஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.