தாய்ப்பாலின் சர்க்கரைகள் முதுமையில் குடல் அழற்சியைத் தணிக்குமா?

கேள்வி:
என் தாயாருக்கு 67 வயது. பெருங்குடல் அழற்சிக்காகப் பல ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருகிறார். தாய்ப்பாலில் உள்ள ஒலிகோசாக்கரைடு எனும் சர்க்கரைகளைத் தனியே தயாரித்துப் பெரியவர்களுக்கும் பொடியாக விற்கிறார்கள் என்று அறிந்தேன். பச்சிளங்குழந்தையின் குடலைக் காப்பது இவருக்கும் உதவுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இச்சர்க்கரைகள் குழந்தையின் பசிக்காக உண்டானவை அல்ல. முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரையும், சீம்பாலில் அதைவிட மிகுதியாகவும் இருந்தபோதிலும், இவற்றைச் செரிக்கும் நொதி மனிதருக்கு இல்லாததால், பெரும்பகுதி சிதையாமல் பெருங்குடலை அடைந்து, அங்கு வாழும் நன்மை செய்யும் பாக்டீரியங்களான பிஃபிடோபாக்டீரியங்களுக்கு இரையாகிறது. அவற்றுள் இன்ஃபேன்டிஸ் எனும் வகை இச்சர்க்கரைகளை முழுதாகவே உள்ளிழுத்துச் சிதைத்து, அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடலின் அமிலத்தன்மை கூடுவதால் தீங்கு செய்யும் கிருமிகள் பல அங்கே தழைப்பதில்லை. இதே பாக்டீரியங்கள் உண்டாக்கும் இன்டோல் லாக்டிக் அமிலம், நோயெதிர்ப்புச் செல்களின் அழற்சிப் போக்கைத் தணிப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. என்னை மிகவும் வியக்க வைப்பது இன்னொன்று: சில சர்க்கரைகள் குடற்சுவரின் மேற்பரப்பில் உள்ளவற்றை ஒத்திருப்பதால், காம்பைலோபாக்டர் போன்ற கிருமி சுவரைப் பற்றுவதற்குப் பதிலாக இவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னவை குழந்தைக் குடலுக்குப் பொருந்தும். வளர்ந்தவர்களின் குடலில் இன்ஃபேன்டிஸ் அரிது. வேறு பிஃபிடோபாக்டீரியங்களே இருக்கும், வயது ஏற ஏற அவையும் குறைவதுண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 100 பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 5, 10 அல்லது 20 கிராம் வீதம் இரண்டு வாரங்களுக்கு இச்சர்க்கரைகளைக் கொடுத்தபோது பிஃபிடோபாக்டீரியங்கள் பெருகின. அவை வெளியிடும் அசிட்டேட்டை (அசிட்டிக் அமிலத்தின் வடிவம்) வேறு பாக்டீரியங்கள் பியூட்டிரேட் எனும் கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். ஆனால் பங்கேற்றவர்கள் நலமானவர்கள். பாக்டீரியம் பெருகியது என்பதும் அழற்சி குறைந்தது என்பதும் ஒன்றல்ல. புண்பட்ட குடலில் நொதித்தலால் வாயுவும் வயிற்றுப் பொருமலும் கூடக்கூடும் என்பதால், நோய் தீவிரமாக உள்ள நாட்களில் இதைத் தொடங்க வேண்டாம். எக்காரணம் கொண்டும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

மறுமொழி 3:
தாய்ப்பாலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஒலிகோசாக்கரைடுகள் உள்ளன. பொடியிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். மரபணு வேறுபாட்டால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணின் பாலில் 2-ஃபியூகோசில்லாக்டோஸ் எனும் ஒலிகோசாக்கரைடு அநேகமாக இருப்பதேயில்லை. அவர்களுடைய குழந்தைகளும் நன்றாகவே வளர்கிறார்கள். ஆகவே ஒரு சர்க்கரையைத் தாய்ப்பாலுக்கே ஈடாகக் கருத முடியாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பொடி பலன் தருகிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது?

மறுமொழி 2:
மலத்தில் உள்ள கால்புரோடெக்டின் எனும் புரதத்தின் அளவைக் கொண்டு அறியலாம். குடல் அழற்சி கூடினால் அதுவும் கூடும். மருத்துவர் இசைந்தால், தொடங்குமுன் ஒருமுறையும் சில வாரங்கள் கழித்து ஒருமுறையும் பரிசோதித்து ஒப்பிடுங்கள். இடையில் வேறு மருந்தையோ உணவையோ மாற்றினால், எதனால் பலன் வந்தது என்று பிரித்தறிய இயலாது.