வாடகை பாக்கியோடு காலி செய்தவரிடம் எப்படி வசூலிப்பது?

வணக்கம். எங்கள் வீட்டில் குடியிருந்தவர் போன மாதம் காலி செய்துவிட்டார். 5 மாத வாடகை பாக்கி. அட்வான்ஸில் 2 மாதம் கழித்துக்கொண்டேன், மீதி 3 மாதம் அப்படியே நிற்கிறது. "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்றவர் இப்போது போனையே எடுப்பதில்லை. அம்மாவின் மருந்துச் செலவுக்கு இந்த வாடகையைத்தான் நம்பியிருந்தோம்.

ஒப்பந்தமும் வங்கிக் கணக்கு விவரமும் கையில் இருக்கின்றன. பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது. அதுதான் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பலாம் என்றால், அவருடைய புது முகவரி தெரியாது. வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பினால் செல்லுமா? அப்புறம், இந்தத் தொகைக்கு வக்கீல் வைப்பது கட்டுப்படியாகுமா? வழக்குப் போடக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடப் பயமாக இருக்கிறது. இப்படி வசூலித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.