அலாஸ்காவின் தாமிரச் சுரங்கமும் சால்மன் மீனும்: நூறு கிலோமீட்டர் தூரம் போதுமா?

முதுகுளத்தூரான்:
அலாஸ்காவின் பெப்பிள் தங்க, தாமிரச் சுரங்கத் திட்டத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 ஜனவரியில் தடுத்ததை, மீனவர்களின் வெற்றி என்று இங்கே சிலர் கொண்டாடுகிறீர்கள். தாது கிடக்கும் இடம், சால்மன் மீன்பிடிக்குப் பேர்போன பிரிஸ்டல் விரிகுடாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அத்தனை தூரத்தில் தோண்டும் குழி கடல் மீனை என்ன செய்துவிடும்? தூத்துக்குடி தாமிர உருக்காலை 2018-இல் மூடப்பட்டபின் தாமிரத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்த்து நிற்கிறோம். அந்த வலி கொண்டாடுபவர்களுக்குத் தெரியவில்லை.

பாம்பன் நாட்டுப்படகு:
தூரத்தை அளந்த அண்ணன், சால்மன் எங்கே முட்டையிடுகிறது என்று பார்க்கவில்லை. கடலில் வளர்ந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, தான் பொரித்த ஓடைக்கே திரும்பி வந்து, சரளைக்கல்லை வாலால் பறித்துக் குழியாக்கி முட்டையிட்டுச் சாகும் மீன் அது. பெப்பிள் தாது கிடப்பது, பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும், சால்மன் முட்டையிட ஏறிவரும் நூஷகாக், குவிசாக் ஆறுகளின் தலைமாட்டில். அந்தப் பாறையில் ஒரு டன்னை அரைத்தால் சுமார் 4 கிலோ தாமிரம் கிடைக்கும், தங்கம் அரை கிராம்கூடத் தேறாது, மற்றதெல்லாம் கழிவு. கந்தகம் கலந்த அந்தக் கழிவில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் ஊறும். கரைந்த தாமிரம் மிகச் சிறிதளவு இருந்தாலே சால்மனின் மோப்பம் மங்கிவிடும், மோப்பம் போனால் அதற்கு வழி தெரியாது.

முதுகுளத்தூரான்:
நூறு கிலோமீட்டர் என்பதை நீங்கள் மறுக்கவில்லை. கழிவை அணை கட்டித் தேக்குவதுதான் திட்டம். மீன் எண்ணிக்கையில் அளவிடத்தக்க பாதிப்பு இராது என்று இத்திட்டத்துக்கு அனுமதி தர வேண்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 2020 ஜூலை அறிக்கையே சொன்னது. அவர்களைவிடப் பாம்பன்காரர்களுக்கு அதிகம் தெரியுமோ?

பாம்பன் நாட்டுப்படகு:
அதே படைதான் அதே ஆண்டு நவம்பரில் அனுமதியை மறுத்தது. அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அணை கட்டினால் போதும் என்றால், கனடாவில் மவுண்ட் பாலி தங்க, தாமிரச் சுரங்கத்தின் கழிவு அணை 2014 ஆகஸ்டில் உடைந்து குவெஸ்னல் ஏரிக்குள் ஏன் பாய்ந்தது? பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022-இல் திரும்பிய செஞ்சால்மன் ஏறத்தாழ 7.9 கோடி. சுரங்கம் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும், ஆனால் அந்த மீன் ஆண்டுதோறும் வரும்.

கீழக்கரை வாசகன்:
வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறும் நம் பிள்ளைகளைப் பார்த்த பிறகும், ஒரு தொழிலையே வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

மண்டபம் விசைப்படகு:
பாம்பன் தம்பி சால்மனுக்காக உருகுவது இருக்கட்டும். இங்கே வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு, நான்கு நாள் உங்களுக்கு என்று கடலைப் பங்கு போட்ட பிறகும், மீன் குறைந்த பழியை எங்கள் இழுவலை மீதே போடுகிறீர்கள். உங்கள் கணக்கில் சுரங்கமும் விசைப்படகும் ஒன்றுதான்.

பாம்பன் நாட்டுப்படகு:
நீங்களே கேட்டதால் சொல்கிறேன், அண்ணே. பிரிஸ்டல் விரிகுடாவில் செவுள் வலை போடும் படகு 32 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. முட்டையிடப் போதுமான மீன் ஆற்றில் ஏறுகிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வலையிட நேரம் ஒதுக்குகிறார்கள். அப்படிக் காத்த மீன் கூட்டம் முட்டையிடும் ஓடைகளின் தலைமாட்டில் கழிவைத் தேக்க வந்தால் எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? நாம் 61 நாள் தடைக்காலத்தைக்கூட முணுமுணுத்துக்கொண்டே கழிக்கிறோம்.

மண்டபம் விசைப்படகு:
தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போட்டு வட்டி கட்டுபவன் நான். அந்த நாட்களிலும் கடலுக்குப் போகும் நாட்டுப்படகுக்காரர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

முதுகுளத்தூரான்:
வலைச் சண்டையை நீங்கள் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாம்பன் நாட்டுப்படகு:
முட்டையிடும் ஓடை சுரங்கத்தின் வாசலிலேயே இருக்கிறது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். மேலே ஏறிப் படியுங்கள்.