புதிய முகவருக்கு எவ்வளவு நம்பக மதிப்பு தருவது? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தமக்குள் வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள் முகவர்களில் (தாமாகச் செயல்படும் நிரல்களில்) யாரை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிட, 2002-இல் ஆய்வாளர்கள் யோசாங்கும் இஸ்மாயிலும் முன்வைத்த பீட்டா நற்பெயர் முறையைப் பயன்படுத்தி வருகிறேன். நல்ல அனுபவங்களின் எண்ணிக்கையுடன் 1-ஐக் கூட்டி, அதை மொத்த அனுபவங்களுடன் 2-ஐக் கூட்டிய தொகையால் வகுப்பதே அதன் அடிப்படை. 8 முறை சரியாகவும் 2 முறை தவறாகவும் நடந்துகொண்டவருக்கு 9/12, அதாவது 0.75 கிடைக்கும். வரலாறே இல்லாத புதியவருக்கு 0.5.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏமாற்றி ஏமாற்றி 0.2-க்கு இறங்கிய முகவர், பழைய அடையாளத்தைக் கைவிட்டுப் புதுப் பெயரில் வந்தால் உடனே 0.5-க்கு ஏறிவிடுகிறார். தொடக்க மதிப்பைக் குறைத்தாலோ நேர்மையான புதியவர்களுக்கு வேலையே கிடைப்பதில்லை; வேலை கிடைக்காமல் அவர்கள் எப்படி நற்பெயர் ஈட்டுவார்கள்? இந்த அநீதிதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 2003-இல் வெளிவந்த ஐகன்டிரஸ்ட் (EigenTrust) என்ற நற்பெயர்க் கணிப்பு முறையைப் போல, முன்கூட்டியே நம்பத் தகுந்தவர்களாகக் கொள்ளப்பட்ட சிலரை அடித்தளமாக வைக்கலாம். ஆனால் அவர்களிடமே செல்வாக்கு குவிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

புதியவரைப் பரிந்துரைப்பவர் தம் மதிப்பில் ஒரு பகுதியைப் பணயம் வைக்கும் ஏற்பாட்டை நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் இருந்தால், ஒரே ஆள் பல போலி அடையாளங்களை உருவாக்கித் தமக்குத் தாமே பரிந்துரை செய்துகொள்வதை எவ்வாறு தடுத்தீர்கள் என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.